ஜனாஸா வரிசையில் நிற்காத தம்பிக்கு

கேள்வி: நாகப்பட்டினம் பக்கம் எங்கள் ஊர். ஷாஃபி மத்ஹப் (இமாம் ஷாஃபியின் சட்ட வழி) குடும்பம். எங்கள் ஜமாஅத் இமாம் மவ்லூது (நபிபுகழ்ப் பாடல்) ஓதுகிறார், நாகூர் தர்கா கந்தூரி விழாவுக்கும் போகிறார். அவர் பின்னால் தொழுதால் கூடுமா? சமுதாயம் 73 கூட்டமாகும், ஒன்றைத் தவிர மற்றவை நரகம் என்ற ஹதீஸைச் (நபிமொழியை) சொன்னால் வாப்பா கோபப்படுகிறார். பெரிய வாப்பா மௌத்தானபோது (இறந்தபோது) அந்த இமாமே ஜனாஸா தொழுகையைத் தொழவைத்ததால் நான் வெளியே நின்றுகொண்டேன். அதிலிருந்து வாப்பா பேசுவதில்லை. எப்படிப் புரியவைப்பது?

பதில்: வெளியே நின்றதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே தம்பி! சந்தூக் (மையித்தைச் சுமக்கும் பெட்டி) பள்ளிக்குள் போகிறது. கூடப்பிறந்தவருக்காக வாப்பா முன்வரிசையில் தக்பீர் கட்டுகிறார். பக்கத்தில் நிற்க வேண்டிய மகன் கேட்டுக்கு வெளியே. அவர் கோபம் ஹதீஸின் மேலா?

அந்த ஹதீஸ் திர்மிதி, அபூதாவூத் ஆகிய ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. 'என் உம்மத்' (என் சமுதாயம்) 73 கூட்டமாகப் பிரியும் என்றுதான் நபியவர்கள் (ஸல்) சொன்னார்கள். ஆகவே அந்தக் கூட்டங்கள் எதுவும் மார்க்கத்தை விட்டு வெளியேறியதல்ல என்று இமாம் கத்தாபி இதைக்கொண்டே விளக்குகிறார். ஹிஜ்ரி 321-ல் மறைந்த இமாம் தஹாவியின் அகீதா (கொள்கை) நூலில், கிப்லாவை (தொழும் திசையை) முன்னோக்குகிறவர் நல்லவரோ பாவியோ, அவர் பின்னால் தொழுவோம், இறந்தால் அவருக்காகவும் தொழுவோம் என்றே இருக்கிறது. மவ்லூது பற்றி உலமாக்களுக்குள் (மார்க்க அறிஞர்களுக்குள்) கருத்து வேறுபாடு உண்டு. அதற்காக ஜமாஅத்தை விடலாமா? மக்கா அருகே மினாவில் நபியவர்கள் (நான்கு ரக்அத் தொழுகையைச் சுருக்கி) இரண்டு ரக்அத்தே தொழுதார்கள். அங்கே கலீஃபா உஸ்மான் (ரலி) நான்கு தொழுதபோது, நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) ஆட்சேபித்தார்கள். ஆனாலும் தாமும் நான்கே தொழுதார்கள். ஏன் என்று கேட்டதற்கு, மாறுபடுவது தீமை என்றார்கள்.

லுக்மான் சூரா 15-வது ஆயத்தைப் பாருங்கள். இணைவைக்கச் சொல்லி வற்புறுத்தும் பெற்றோருக்குக் கீழ்ப்படியக் கூடாது. ஆனால் அவர்களோடுகூட உலகில் நல்லபடி நடந்துகொள்ள வேண்டும். உங்கள் வாப்பா இணைவைக்கவா சொன்னார்? தன் அண்ணனுக்காகத் தொழ வா என்றுதானே எதிர்பார்த்தார்.

விட்ட ஜனாஸா தொழுகையை ஷாஃபி மத்ஹபில் கபரருகிலேயே (அடக்கத்தலத்தில்) தொழலாம். மௌத்தன்று நீங்கள் பருவமடைந்தவராக இருந்தால் போதும். கபரருகே தொழுகையா என்று தயங்காதீர்கள். பள்ளிவாசலைப் பெருக்கிவந்தவர் இறந்ததைத் தாமதமாக அறிந்த நபியவர்கள் கபருக்கே போய்த் தொழுதது புகாரி ஹதீஸ் நூலில் இருக்கிறது. ஒளுவோடு (கை, முகம், கால் கழுவிய தூய்மையோடு) மையவாடிக்கு (அடக்கத்தலத்துக்கு) போங்கள். கபர் உங்களுக்கும் கிப்லாவுக்கும் நடுவில் இருக்க, தலைமாட்டுக்கு நேரே நின்று நிய்யத் (மனதில் எண்ணம்) வையுங்கள். நான்கு தக்பீர் ('அல்லாஹு அக்பர்'), ஒவ்வொன்றுக்கும் கை உயர்த்த வேண்டும். முதலாவதுக்குப் பின் ஃபாத்திஹா, இரண்டாவதுக்குப் பின் நபி மீது ஸலவாத்து, மூன்றாவதுக்குப் பின் மையித்துக்கான (இறந்தவருக்கான) துஆ. நான்காவதுக்குப் பின் சிறு துஆ ஓதி ஸலாம் கொடுங்கள். ருகூஉ (குனிதல்), ஸஜ்தா (சிரம் பணிதல்) கிடையாது. மூன்றாவதில் அவசரப்படாதீர்கள், அந்த துஆவுக்காகத்தான் இந்தத் தொழுகையே.

வாப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் ஏற்கெனவே தொழுதுவிட்டவர், பக்கத்தில் நின்று துஆ கேட்டால் போதும். மறுநாள் சுப்ஹுக்கு (அதிகாலைத் தொழுகைக்கு) அதே இமாம் பின்னால், வாப்பாவின் வரிசையிலேயே நில்லுங்கள். இமாம் குனூத் துஆ ஓதும்போது நீங்களும் கையேந்தி ஆமீன் சொல்லுங்கள்.