துணை நிற்பவரின் கணக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். சென்ற மாதம் பாலக்காட்டில், வெளிநாட்டுத் தூதரகங்களில் டிஃபன்ஸ் அட்டாஷேயாக, அதாவது தன் நாட்டு ராணுவத்தின் பிரதிநிதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவரின் உரையைக் கேட்டேன். போரில் இருக்கும் நாட்டுக்கு உதவுவது ஆயுதப் பட்டியலை நிரப்பிக் கொடுப்பதோடு முடிவதில்லை என்றார். அதை விளக்குவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அத்தகைய அதிகாரி உண்மையில் என்ன செய்கிறார்? வெளியிலிருந்து வரும் உதவி போரை நீட்டிக்கத்தானே செய்யும் என்கிறார் என் கணவர். ஆயுதம் கொடுக்க விரும்பாத நாடு துணை நிற்க வேறு வழி உண்டா என்பதும் என் கேள்வி.

சிவகாமி

அன்புள்ள சிவகாமி அவர்களுக்கு,

தூதரக உறவுகள் பற்றிய 1961-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம், தூதரக ஊழியர்களில் ராணுவ, கடற்படை, விமானப்படை அட்டாஷேக்களின் பெயர்களை மட்டும் முன்கூட்டியே அனுப்பி ஒப்புதல் பெறும்படி, அவர்களை ஏற்கும் நாடு கேட்கலாம் என்று தனியே சொல்கிறது. சீருடை அணிந்து, வெளிப்படையாகவே, இன்னொரு நாட்டின் படையைக் கவனித்துத் தன் தலைநகருக்கு எழுதுவது அவர்கள் வேலை என்பதால்தான் இந்த எச்சரிக்கை. அமைதிக் காலத்தில் அந்த வேலையின் பெரும்பகுதி அணிவகுப்பிலும் விருந்திலும் தளவாடப் பேச்சிலும் கழிந்துவிடும். போர் மூண்டால், அந்த நாடு கேட்பது என்ன, அதற்கு உண்மையில் தேவைப்படுவது என்ன, கொடுத்ததை எத்தனை மாதம் ஓட்ட முடியும் என்று கணக்கிட்டு, பல நேரங்களில் இரண்டு தலைநகரங்களுக்குமே பிடிக்காத விடையை அவர் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கத் தளபதி ஜோசப் ஸ்டில்வெல்லை விடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1935 முதல் 1939 வரை சீனாவில் அமெரிக்க ராணுவ அட்டாஷேயாக இருந்தவர். சீன மொழி அறிந்தவர். 1942-இல், ஜப்பானோடு போரில் இருந்த சீனாவின் தலைவர் சியாங் கை-ஷேக்கின் படைத்தலைமை அதிகாரியாகவும் (சீஃப் ஆஃப் ஸ்டாஃப்), அமெரிக்கா சீனாவுக்குக் கொடுத்த தளவாடங்களைப் பங்கிடுபவராகவும் திரும்பி வந்தார். அந்த ஆண்டே சீனாவுக்குத் தளவாடம் போய்க்கொண்டிருந்த பர்மா சாலை ஜப்பானியர் கைக்குப் போய்விட்டதால், அசாமின் விமானத் தளங்களிலிருந்து இமயமலையின் கிழக்கு முனையைத் தாண்டித்தான் பெட்ரோல் முதல் வெடிகுண்டு வரை எல்லாம் போக வேண்டியிருந்தது. போர் முடியும்வரை அவ்வழியே சென்றது ஏறத்தாழ 6,50,000 டன். ஒவ்வொரு டன்னுக்கும் சண்டை நடந்தது. சீனாவில் இருந்த அமெரிக்க விமானப்படைத் தளபதி ஷெனால்ட் தமக்கே பெரும்பங்கு வேண்டும் என்றார். சியாங்கும் அவர் பக்கம் நின்றார். தரைப்படை வலுவாக இல்லாமல் விமானத் தளங்களைப் பெருக்கினால் ஜப்பானியர் வந்து அவற்றைப் பிடித்துக்கொள்வார்கள் என்று எச்சரித்த ஸ்டில்வெல், பர்மாவிலிருந்து பின்வாங்கி வந்த சீன வீரர்களைப் அன்றைய பீகாரின் ராம்கரில் வைத்துப் பயிற்றுவித்தார். 1944-இல் அவர் சொன்னபடியே ஜப்பானியர் வந்து தளங்களைப் பிடித்தார்கள். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் சியாங்கின் வற்புறுத்தலால் திரும்ப அழைக்கப்பட்டவர் ஸ்டில்வெல்தான். தம் நாட்குறிப்பில் சியாங்கை 'நிலக்கடலை' என்றே எழுதிவந்தவர் அவர். மனத்துக்குள் இகழும் ஒருவரிடம் கசப்பான உண்மையைச் சொல்லி ஏற்கவைக்க முடியாது. கணக்கில் தேறிய அவர், பணியின் மறுபாதியான தூதர் வேலையில் தோற்றார் என்றே நான் மதிப்பிடுகிறேன்.

உக்ரைனிலும் கதை இதே கணக்குத்தான். சோவியத் காலத்து 152 மி.மீ. பீரங்கிகளோடு போரில் இறங்கிய படைக்கு, நேட்டோ நாடுகளிடம் இருந்தது 155 மி.மீ. குண்டு. எனவே குண்டுக்கு முன் பீரங்கி, பீரங்கிக்கு முன் பயிற்சி, பிறகு உதிரிபாகமும் பழுதுபார்க்கும் பட்டறையும் என்று ஒன்றின்பின் ஒன்றாகப் போயிற்று. தண்டவாளமும் ஒத்துவரவில்லை: போலந்தில் 1,435 மி.மீ., உக்ரைனில் 1,520 மி.மீ. மீட்டர் கேஜ் காலத்துப் பொள்ளாச்சிப் பாதையை அறிந்த நம் பகுதிக்காரர்களுக்கு, எல்லையில் சரக்கை இறக்கி மறுபடி ஏற்றுவது எவ்வளவு நேரம் விழுங்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 2022 ஏப்ரலில் ஜெர்மனி கெப்பார்ட் விமான எதிர்ப்பு வண்டிகளைத் தருவதாக அறிவித்தது. அவற்றின் 35 மி.மீ. தோட்டாக்கள் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டவை என்பதால், அவற்றை மறு ஏற்றுமதி செய்ய நடுநிலையைக் காரணம் காட்டி அந்நாடு அனுமதி மறுத்தது. கடைசியில் ஜெர்மனியிலேயே புதிதாகத் தயாரிக்க வேண்டியதாயிற்று. பன்னிரண்டு மாதத்தில் பத்து லட்சம் குண்டுகள் என்று 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்த வாக்கில், தவணை முடிந்தபோது நிறைவேறியிருந்தது ஏறத்தாழ பாதி. வாக்குக் கொடுப்பது அமைச்சர்கள். கிடங்கில் உண்மையில் என்ன இருக்கிறது என்று கீவில் போய்ச் சொல்ல வேண்டியவர் நீங்கள் கேட்கும் அந்த அதிகாரி.

ஆயுதமின்றித் துணை நிற்க வழி உண்டு, நாமே செய்திருக்கிறோம். கொரியப் போருக்கு இந்தியா சண்டைப்படை அனுப்பவில்லை. லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 60-ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவை 1950-இல் அனுப்பியது. வட கொரியத் தலைநகர் பியாங்யாங்கிலிருந்து ஐ.நா. படைகள் பின்வாங்கியபோது, கருவிகளை விட்டுவர மனமில்லாத அப்பிரிவினர், கைவிடப்பட்டிருந்த ஒரு ரயில் எஞ்சினைத் தேடிப் பிடித்து, மருத்துவச் சாமான்களை ஏற்றித் தாங்களே ஓட்டி வந்தார்கள். போர்நிறுத்தத்துக்குப் பின் கைதிகளைத் திருப்பி அனுப்பும் நடுநிலை ஆணையத்துக்கு ஜெனரல் திம்மையா தலைமை தாங்கினார். இரு தரப்பும் இந்தியாவை நம்ப முடிந்ததற்கு இத்தகைய உதவியும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

உங்கள் கணவரின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. தாக்கப்பட்ட நாடு போரைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை அந்நாட்டு மக்கள் முடிவு செய்ய வேண்டும். உதவுகிறவர் அதை அவர்களுக்காக முடிவு செய்ய முடியாது என்று நினைக்கிறேன். ஆனால் தயங்கித் தயங்கி, சிறுகச் சிறுகக் கொடுக்கும் உதவி போரை நிச்சயம் நீட்டிக்கும். லெப்பர்ட் டாங்கிகளைத் தர ஜெர்மனி பல மாதம் தயங்கி 2023 ஜனவரியில்தான் சம்மதித்தது. கோடையில் உக்ரைன் படை முன்னேற முயன்றபோது எதிரே கண்ணிவெடி வயல்களும் பதுங்கு குழிகளும் வரிசை வரிசையாகத் தயாராக இருந்தன. கொடுப்பதானால் எப்போதைக்குள் கொடுக்க வேண்டும், அதற்குமேல் கொடுத்துப் பயனில்லை என்பதையும் அந்த அதிகாரி தேதியிட்டுத் தன் தலைநகருக்கு எழுதியாக வேண்டும்.