நீலத் திரை திரும்பத் திரும்ப வருகிறதா? பணம் கட்டும் முன் படியுங்கள்

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் மகனுக்காக நான்கு மாதங்களுக்கு முன் 2,100 வெள்ளிக்கு ஒரு கணினியை அசெம்பிள் செய்து வாங்கினோம். சில வாரங்களிலேயே நீலத் திரை (விண்டோஸ் முடங்கும்போது வரும் பிழை அறிவிப்பு) வந்து, தானாக ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தது. கடைக்காரர் இரண்டு முறை ஃபார்மட் செய்து கொடுத்தார். கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடும், அப்புறம் பழையபடி. இப்போது மதர்போர்டை மாற்ற வேண்டும், 280 வெள்ளி ஆகும் என்கிறார். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சிட்டிருக்கிறது. கட்டித்தான் ஆக வேண்டுமா?
— ஈசூன் வாசகி

பதில்: கட்டாதீர்கள். மதர்போர்டில்தான் கோளாறு என்று எதை வைத்து முடிவு செய்தார் என்பதை முதலில் எழுத்தில் கேளுங்கள். அது உண்மையாகவே இருந்தாலும், நான்கு மாதத்தில் கெட்டுப்போன பாகத்துக்கு நீங்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

அதைவிட அவசரமான விஷயம் ஒன்று: மூன்றாவது முறை ஃபார்மட் செய்ய விடாதீர்கள். ஃபார்மட் செய்தால் கணினி எப்போது நின்றது, எந்த இடத்தில் நின்றது என்று அதுவே எழுதி வைத்திருக்கும் பதிவுகள் எல்லாம் அழிந்துபோகும். கோளாறைக் கண்டுபிடிக்க அந்தப் பதிவுகள்தான் உதவும். கடைக்காரரிடம் உங்கள் உரிமையைக் கேட்கவும் அவைதான் கைகொடுக்கும்.

மகனை உட்கார வைத்து இதைச் செய்யச் சொல்லுங்கள். ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று தட்டினால் நாள்வாரியாக ஓர் அட்டவணை வரும். கணினி நின்றுபோன நாட்களில் சிவப்புக் குறி இருக்கும். அதைப் படம் எடுத்து வையுங்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘மினிடம்ப்’ என்று ஒன்று இருக்கும். அதை அப்படியே தம்ப் டிரைவில் நகல் எடுங்கள். அடுத்த முறை நீலத் திரை வந்தால் கைப்பேசியில் படம் பிடியுங்கள் (புதிய விண்டோஸ் 11இல் அது கருப்புத் திரையாகிவிட்டது). படம் பிடிப்பதற்குள் மறைந்துவிடுகிறது என்றால், சிஸ்டம் அமைப்புகளில் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தி வைக்கலாம்.

அந்தத் திரையில் உள்ள பிழைப் பெயர்தான் முக்கியம். ஒவ்வொரு முறையும் ஒரே டிரைவர் (ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள்) ஃபைலின் பெயர் வந்தால், அந்த டிரைவர் அல்லது அது இயக்கும் பாகத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர் வந்தால் என் சந்தேகம் முதலில் ரேம், அதாவது கணினியின் தற்காலிக நினைவகம் மீதுதான் போகும். இரண்டு முறை ஃபார்மட் செய்தும் தீரவில்லை என்பதும் வன்பொருள் கோளாறு என்ற பக்கமே சாய்கிறது. மெம்டெஸ்ட்86 என்ற இலவச நிரலை தம்ப் டிரைவில் ஏற்றி, ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அதை விட்டுவிடக் கூடாது. ரேம் இரண்டு துண்டாக இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை நிரல்) எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பு இயங்குகிறதா என்றும் பாருங்கள். அது ரேமை வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது. அதை நிறுத்தியதும் கணினி அமைதியானால் பாதிக் காரணம் தெரிந்துவிட்டது.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். உள்ளே இருப்பது இன்டெல் 13ஆம் அல்லது 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசரா? அவற்றில் பல, தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தால் காலப்போக்கில் நிலைதடுமாறுவதை இன்டெல் நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அதற்கான மைக்ரோகோட் (பிராசசருக்குள் ஓடும் நிரல்) திருத்தங்கள் வந்தன. பயாஸை அப்டேட் செய்தால்தான் அவை உங்கள் கணினிக்கு வந்து சேரும். ஆனால் ஏற்கெனவே பழுதான பிராசசரை எந்த அப்டேட்டும் சரிசெய்யாது, மாற்றத்தான் வேண்டும். தனி அட்டைப்பெட்டியில் அடைத்து விற்கப்பட்ட இத்தகைய பிராசசர்களுக்கு இன்டெல் உத்தரவாதத்தை மேலும் 2 ஆண்டுகள் நீட்டியிருக்கிறது. பிராசசர் கெட்டிருக்கும்போது மதர்போர்டை மாற்றினால் 280 வெள்ளியும் போகும், நீலத் திரையும் போகாது.

இனி உங்கள் உரிமை. குறையுள்ள பொருளை வாங்கியவருக்குத் துணை நிற்கும், லெமன் சட்டம் என்று நாம் சொல்வது 2012 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் நடைமுறையில் இருக்கிறது. பொருளைக் கையில் வாங்கிய 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடைக்காரர். முதலில் அவர் தன் செலவில், நியாயமான கால அளவுக்குள் பழுதுபார்க்க வேண்டும் அல்லது மாற்றித் தர வேண்டும். அது நடக்காவிட்டால் நீங்கள் விலைக் குறைப்பு கேட்கலாம், பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தையும் கேட்கலாம். பில்லில் என்ன அச்சடித்திருந்தாலும் இந்த உரிமையைப் பறிக்க முடியாது. ‘வாரன்டி தயாரிப்பாளருடையது, அவர்களிடம் போங்கள்’ என்று சொன்னாலும் அசையாதீர்கள். நீங்கள் பணம் கொடுத்தது கடைக்குத்தான்.

மகன் தானாகவே பெட்டியைத் திறந்து பாகம் மாற்றியிருந்தால், பிராசசரின் வேகத்தைக் கூட்டியிருந்தால், அதை மறைக்க வேண்டாம். அதனால் வந்த கோளாறுக்குச் சட்டம் துணை வராது.

நான்கு மாதம் ஓடிவிட்டது, அதனால் இந்த வாரமே எழுதுங்கள். வாங்கிய நாள், ஃபார்மட் செய்த நாட்கள், எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பி, பதிலுக்கு ஒரு தேதி குறிப்பிடுங்கள். தொலைபேசியில் பேசியதற்குச் சான்று இருக்காது. மசியவில்லை என்றால் கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். அதற்கடுத்தது சிறு வழக்குகளுக்கான நடுவர் மன்றம், அதாவது ஸ்மால் கிளெய்ம்ஸ். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டு போகலாம். வழக்கறிஞர் தேவையில்லை, அவர்களுக்கு அங்கே அனுமதியும் இல்லை. 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டும் மனுக் கட்டணம் 10 வெள்ளிதான்.

கேள்வி: 2016இல் வாங்கிய என் கணினி, வீடியோ எடிட் செய்யும்போது பட்டென்று அணைந்துவிடுகிறது. நீலத் திரை எதுவும் வருவதில்லை. பழுதுபார்க்க வந்தவர் ‘கர்னல் பவர் 41’ என்ற பதிவைக் காட்டி, பவர் சப்ளை போய்விட்டது என்றார். மாற்றலாமா?
— ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: அந்தப் பதிவு, கணினி முறைப்படி மூடப்படாமல் நின்றது என்பதை மட்டும்தான் சொல்கிறது. ஏன் நின்றது என்று சொல்லாது. கரண்ட் போனாலும் அதே 41தான் பதிவாகும்.

எச்சரிக்கையே இல்லாமல் அணைந்தால் சூட்டையும் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். பெட்டியைத் திறந்து மின்விசிறிகளில் உள்ள தூசியை எடுங்கள். நம் ஊர் வெக்கையில், குளிர்சாதனம் போடாத அறையில், தூசி அடைத்த கணினி சீக்கிரம் சூடாகிவிடும். ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச நிரலில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே வீடியோ வேலையைச் செய்யுங்கள். பிராசசர் 100 டிகிரியை நெருங்கிய பிறகு அணைந்தால் சூடுதான் காரணம். 60, 70இல் இருக்கும்போதே அணைந்தால் பவர் சப்ளை மீது சந்தேகப்படுவது சரி. நீட்டிப்பு ஒயரை விட்டுவிட்டு நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகியும் பாருங்கள். பவர் சப்ளை பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

பவர் சப்ளை ஒன்றை மாற்றுவது சரி, அதற்கு மேல் இதில் பணம் போட வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. 2016இல் வந்த பிராசசர்களை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை.

கேள்வி: அப்பாவின் கணினித் திரையில் ‘உங்கள் சிஸ்டம் முடங்கிவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று பெரிதாக வந்து, சத்தமும் போடுகிறது. அழைக்கலாமா?
— செங்காங் வாசகி

பதில்: அழைக்கவே கூடாது. உண்மையிலேயே முடங்கிய விண்டோஸ், தொலைபேசி எண் எதுவும் காட்டாது. அது மோசடிக்காரர்கள் காட்டும் இணையப் பக்கம். கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். முடியாவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். திரும்ப பிரவுசரைத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கச் சொல்லாதீர்கள். சந்தேகம் இருந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799 இருக்கிறது. அப்பா ஏற்கெனவே அழைத்து, அவர்கள் சொன்ன செயலியை ஏற்றியிருந்தால், உடனே வைஃபையைத் துண்டித்துவிட்டு, வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். போலீஸ் புகாரை அதற்கடுத்துக் கொடுங்கள்.