அக்கா, நான் வக்கீலுக்குப் படிக்கலாமா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அக்கா, நான் தமிழ் மீடியத்துல ப்ளஸ் டூ முடிச்சிருக்கேன். அப்பா வாழை போட்டிருக்காவ. லா படிக்கேன்னு சொன்னா, நம்ம சொந்தத்துல வக்கீலே கிடையாது, உனக்கு இங்கிலீஷும் வராது, எவன் உன்கிட்ட கேஸ் கொண்டு வருவான்னு கேக்காவ. என்ன செய்ய?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தாராளமா படிம்மா. சேருத விஷயத்த முதல்ல சொல்லிருதேன். ப்ளஸ் டூவுக்கு மேல அஞ்சு வருஷம், டிகிரிக்கு மேலன்னா மூணு வருஷம். திருநெல்வேலியிலயே 1996ல இருந்து அரசு சட்டக் கல்லூரி இருக்கு, என்ட்ரன்ஸ் கிடையாது, மார்க்க வச்சுதான் சீட்டு. திருச்சி நேஷனல் லா யுனிவர்சிட்டிக்குன்னா கிளாட்ங்கிற என்ட்ரன்ஸ் எழுதணும், அங்க ஃபீஸும் ரொம்ப ஜாஸ்தி.

இங்கிலீஷ் பயத்த விடு. கீழ் கோர்ட்டுல சாட்சி சொல்லுததும் குறுக்கு விசாரணையும் தமிழ்லதான் நடக்கு, ஹைகோர்ட் மதுரை பெஞ்சுக்குப் போனாதான் முழுக்க இங்கிலீஷ், அதுக்கு உனக்கு அஞ்சு வருஷம் டைம் இருக்கு, தினம் ஒரு தீர்ப்புல ரெண்டு பக்கம் வாசிச்சுட்டு வா, தன்னால வந்துரும்.

நான் முக்கியமா சொல்ல வாரது வேற. நம்ம பக்கத்து சிவில் கோர்ட்டுல பாதி கேஸ் கட்டு நிலத் தகராறுதான் தாயி. பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, பாதைத் தகராறு, கிணத்துல எட்டுல ஒரு பங்கு யாருக்கு, எந்த மடை வழியா தண்ணி பாயணும்னு அண்ணன் தம்பி பேரன் காலம் வரைக்கும் வாய்தாவுக்கு வந்துட்டே இருப்பாவ. ஒரு பழைய பத்திரத்த எடுத்து நாலு மாலையும், அதாவது நாலு பக்கத்து எல்லையையும் வாசிச்சு, சர்வே நம்பர் பாத்து, பட்டாவையும் வில்லங்க சர்டிபிகேட்டையும் பக்கத்துல வச்சு ஒத்துப் பாக்கும்போது, வயல்ல நின்னு வளந்த பிள்ளைக்கு எடம் கண்ணு முன்னாடி வந்துரும், புஸ்தகத்த மட்டும் படிச்சவனுக்கு வராது. சொந்தத்துல வக்கீல் இல்லேங்கிறது குறைதான், இல்லேன்னு சொல்லமாட்டேன், ஆனா இது உன்கிட்ட ஏற்கனவே இருக்கு, அத அப்பாட்ட சொல்லு.

காசு விஷயத்தையும் அப்பாட்ட மறைக்காத. மொத ரெண்டு மூணு வருஷம் கஷ்டம்தான். சீனியர் வக்கீல்ட்ட தொழில் பழகுத ஜூனியருக்கு மாசம் குறைஞ்சது 15,000, சென்னை மதுரை கோவைன்னா 20,000 குடுக்கணும்னு 2024ல மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லிருச்சு, ஆனாலும் எல்லா ஆபீஸ்லயும் கிடைக்கும்னு நம்பிட்டு வராத. ஜூனியர பெட்டி தூக்க மட்டும் வைக்காம, பிராது எழுத விட்டு, ஒரு சாட்சியையாவது விசாரிக்க எழுப்பி விடுத சீனியர்ட்ட சேரு. பொம்பளப் பிள்ளைன்னு பேப்பர் தாக்கல் பண்ணுததோட நிப்பாட்டுனா, ஆபீஸ மாத்திரு.

கேள்வி: தனியார் கம்பெனி வேலை, வயசு 34. தபால்ல லா படிச்சு, வேலையையும் விடாம பிராக்டிஸ் பண்ணலாமா?
– ஒரு வாசகர், சங்கரன்கோவில்

பதில்: ரெண்டும் முடியாது தம்பி. தபால்ல வாங்குன சட்டப் படிப்ப வச்சு வக்கீலா பதிய முடியாது, காலேஜுக்கு நேர்ல போய்தான் ஆகணும். சம்பளத்துக்கு முழுநேர வேலை பாக்கிறவங்க பிராக்டிஸ் பண்ணவும் வக்கீல்களுக்கு விதி போடுத பார் கவுன்சில் விடாது. மூணு வருஷம் குடும்பச் செலவுக்கு வழி இருக்கான்னு வீட்டம்மாட்ட கலந்துட்டு முடிவெடுங்க.

கேள்வி: எல்எல்பி முடிச்சிட்டேன். வக்கீலா பதியுத என்ரோல்மென்டுக்கு ரொம்ப செலவாகும்னு பயமுறுத்துதாவ. ஜட்ஜ் பரீட்சை உடனே எழுதலாமா?
– ஒரு வாசகர், திசையன்விளை

பதில்: அட்வகேட்ஸ் ஆக்ட்ல போட்டிருக்கிறது பொதுவா 750 ரூபா, எஸ்சி எஸ்டின்னா 125, அதுக்கு மேல என்ரோல்மென்ட் ஃபீஸ் வாங்கக்கூடாதுன்னு 2024 ஜூலைல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, ஸ்டாம்பு செலவு மட்டும் தனி. பதிஞ்ச பிறகு வக்கீல்களுக்கான தகுதித் தேர்வு, ஆல் இந்தியா பார் எக்ஸாம் பாஸ் பண்ணணும். சிவில் ஜட்ஜ் பரீட்சைக்கு மூணு வருஷம் பிராக்டிஸ் வேணும்னு 2025 மே மாசம் தீர்ப்பு வந்திருக்கு, அதனால இப்பவே ஒரு சீனியர்ட்ட போய்ச் சேருங்க.