டப்பா நிறையக் காசு: அடுத்த வருடம் என்ன செய்வது?

கேள்வி: நான்கு வருடங்களாக நாணயம் சேர்க்கிறேன். பிஸ்கட் டப்பாவில் ஏறத்தாழ 800 காசுகள் இருக்கின்றன. அணா, நயா பைசா, ஐந்து ரூபாய், சிங்கப்பூர், மலேசியா, இலங்கை எல்லாம் கலந்து கிடக்கின்றன. சிலவற்றை மட்டும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். மாதம் 500 ரூபாய் ஒதுக்க முடியும். போன வருடம் 'நூறு புது நாணயம்' என்று இலக்கு வைத்தேன். நூறும் வந்துவிட்டன, ஆனால் எதையும் முடித்த மாதிரி இல்லை. வரும் வருடத்துக்கு எப்படித் திட்டமிடுவது? என்னிடம் உள்ள வைஷ்ணவி தேவி ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா? சோழர் காசு ஒன்று வாங்கவும் ஆசை. (வாசகர், கடலூர்)

பதில்: நூறு என்ற எண்ணிக்கைதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. எண்ணிக்கையை இலக்காக வைத்தால் எது சுலபமாகக் கிடைக்கிறதோ அதையே கை தேடும். நூறு தாண்டினாலும் அவற்றுக்குள் ஓர் உறவு இருக்காது. சேகரிப்பின் இலக்கு முடிகிற பட்டியலாக இருக்க வேண்டும். எது இருக்கிறது, எது இல்லை என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும். அப்படி ஒரு பெரிய பட்டியல், ஒரு சின்னப் பட்டியல், ஆசைக்கு ஒரே ஒரு காசு. ஒரு வருடத்துக்கு இவ்வளவு போதும்.

அதற்கு முன்னால் டப்பாவைக் காலி செய்யுங்கள். முதல் காரியம், அந்த ரப்பர் பேண்ட்டைக் கழற்றுவது. ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். செம்பிலும் கோடு கோடாகக் கறை விழும். பிறகு நாடுவாரியாக, மதிப்புவாரியாக, ஆண்டுவாரியாகப் பிரியுங்கள். இந்தியக் காசுகளில் 1957 ஏப்ரல் 1-க்கு முந்தைய அணாக் கணக்குக் காசுகள் தனி. அதன் பின் வந்த நயா பைசாக்கள் தனி. 1964 ஜூனில் 'நயா' என்ற சொல் கைவிடப்பட்டது. ஒரு காந்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வேலை பாதியாகும். புலி பொறித்த 1947 ரூபாய் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். 1940-களின் முற்பகுதியில் வந்த ரூபாய் பாதி வெள்ளி, ஒட்டாது. ஸ்டீல் ரூபாய் ஒட்டும், செம்பும் நிக்கலும் கலந்த குப்ரோ நிக்கல் ஒட்டாது. 1985 ஒரு ரூபாய் அகப்பட்டால் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். ஆங்கில 'எச்' எழுத்து இருந்தால் அது பர்மிங்காமில் ஹீட்டன் நாணயச்சாலை அடித்தது. வெளிநாட்டுக் காசுகளை நாடுவாரியாகக் கவரில் போட்டு மூடிவிடுங்கள், இந்த வருடம் அவற்றைத் தொட வேண்டாம். இதற்கெல்லாம் ஜனவரி மாதம் முழுவதும் ஆகும், ஆகட்டும்.

பெரிய பட்டியலுக்கு நான் சொல்வது 1992 முதல் 2004 வரை வந்த ஸ்டீல் ஒரு ரூபாய். 25 மி.மீ. விட்டம், 4.85 கிராம், ஒரு பக்கம் சிங்கத்தூண், மறுபக்கம் கதிர்கள். ஒரு நோட்டில் ஆண்டுகளுக்கு 13 வரிசை, நாணயச்சாலைகளுக்கு நான்கு பத்தி போடுங்கள். ஆண்டுக்குக் கீழே வைரம் போன்ற சாய்சதுரம் இருந்தால் மும்பை, ஐந்து முனை நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப்புள்ளி நொய்டா, எந்தக் குறியும் இல்லையென்றால் கொல்கத்தா. மொத்தம் 52 கட்டங்கள். எல்லா நாணயச்சாலைகளும் எல்லா ஆண்டும் அடிக்கவில்லை. கேட்லாக்கைப் பார்த்து, அடிக்கப்படாத கட்டங்களை முதலிலேயே கோடு போட்டு அடித்துவிடுங்கள். இல்லாத காசைத் தேடி மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்காது.

இந்தப் பட்டியலில் பலரும் தடுக்கி விழுவது கொல்கத்தாப் பத்தியில்தான். தேய்ந்த காசில் நொய்டாவின் புள்ளி முதலில் மறையும், நட்சத்திரமும் மழுங்கி வெறும் மேடு மாதிரி ஆகிவிடும். அதைக் குறியில்லாத காசு என்று நினைத்துக் கொல்கத்தாவில் போட்டுவிடுவார்கள். எனவே கொல்கத்தாக் கட்டத்துக்கு மட்டும் கண்டிப்பான விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஆண்டு எண்ணின் ஓரங்கள் கூர்மையாக இருக்கும் காசை மட்டுமே ஏற்பது. எண்ணே மழுங்கியிருந்தால், குறி இருந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்த விளக்கும் வேண்டும். நேராக விழும் வெளிச்சத்தில் சாய்சதுரமும் புள்ளியும் ஒன்றுபோலத் தெரியும்; சாய்ந்த வெளிச்சத்தில் சாய்சதுரத்தின் முனைகள் நிழல் போடும்.

இதற்குப் பெரிய செலவில்லை. வங்கியில் ஒரு ரூபாய் நாணயமாக 100 கேட்டு வாங்குங்கள், வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைச் சில்லறை தேடும் டீக்கடைக்கோ மளிகைக்கடைக்கோ கொடுத்துவிடுங்கள். அதே கடைக்காரரின் கல்லாவில் பழைய ரூபாய்கள் இருந்தால் அவரே உங்களுக்காக எடுத்து வைப்பார். ஜூன் கடைசியில் கட்டங்களை எண்ணிப் பாருங்கள். அப்போதும் காலியாக இருப்பவற்றை மட்டும் காசு கொடுத்து வியாபாரியிடம் வாங்கலாம். தொடக்கத்திலேயே முழு செட்டாக வாங்கிவிட்டால் குறிகளைப் பார்க்கும் பழக்கம் வராது, அந்தப் பழக்கம்தான் இந்தப் பட்டியலின் பெரிய லாபம்.

சின்னப் பட்டியல் ஏழு காசுகள், எல்லாமே தமிழ்நாட்டோடு தொடர்புள்ளவை. 1995-இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் உருவத்தோடு ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய் வந்தன. அவற்றோடு காமராஜர் நூற்றாண்டு, அண்ணா நூற்றாண்டு, சி. சுப்பிரமணியம் நூற்றாண்டு, தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரம் ஆண்டு என நான்கு ஐந்து ரூபாய்கள். எல்லாம் புழக்கத்துக்கு வந்தவை. புழங்கிய காசை வாங்காதீர்கள். வியாபாரிகள் 'யுஎன்சி' என்று சொல்லும், கைபடாத காசாக ஒவ்வொன்றிலும் ஒன்று எடுங்கள். மிச்சம் பிடிக்கப் பார்த்துத் தேய்ந்ததை வாங்கினால் ஆறு மாதத்தில் நல்லதாக ஒன்று வாங்கத் தோன்றும், செலவு இரட்டிப்பாகும். கலைஞர் நூற்றாண்டுக்கு 2024-இல் வந்த 100 ரூபாய் மாதிரியானவை புழக்கத்துக்கு வராமல் தொகுப்பாக மட்டும் விற்கப்படுபவை. அவற்றை இந்த ஏழோடு சேர்த்தால் பட்டியலும் முடியாது, உங்கள் 500 ரூபாயும் தாங்காது.

பணக் கணக்குக்கு வருவோம். வருடத்துக்கு 6,000 ரூபாய். முதல் இரண்டு மாதப் பணத்தில் காசே வாங்க வேண்டாம். அதில் 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, லென்ஸ், அட்டை ஹோல்டர்கள், சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகள் வாங்குங்கள். மெத்தென்று வளையும் பிவிசி உறைகள் மலிவாகக் கிடைக்கும், வாங்கவே கூடாது. அந்தப் பிளாஸ்டிக் நாளடைவில் சிதைந்து, காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும். அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். கடலூர் மாதிரி கடலோர ஊரில் ஈரக்காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும். மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் தாளில் ஜன்னல் வைத்த அட்டை ஹோல்டரே சரி. ஸ்டேப்ளர் அடித்ததும் பின்னைக் குறடால் தட்டையாக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஹோல்டரில் இருக்கும் காசைக் கீறும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: எதையும் தேய்க்காதீர்கள். புளி, விபூதி, பற்பசை எதுவும் வேண்டாம். புளியில் தேய்த்த வெண்கலப் பைசா இளஞ்சிவப்பாகப் பளபளக்கும். எழுபது வருடம் படிந்த அந்தப் பழுப்பு நிறம் திரும்பி வராது, நாணயம் சேர்ப்பவர் யாரும் அதற்கு நல்ல விலை தரமாட்டார்கள். பிவிசி பிசுக்கு ஏற்கெனவே இருந்தால் சுத்தமான அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிச் சில நிமிடம் ஊறவைத்து, துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்போ விளக்கோ அருகில் வேண்டாம். நகப்பூச்சு நீக்கி இதற்கு உதவாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும்.

ஆசைக்கான அந்த ஒரு காசு, 1940-க்கு முந்தைய ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபாயாக இருக்கட்டும். வருடக் கடைசியில், மிச்சமிருக்கும் பணத்தில் வாங்குங்கள். 11.66 கிராம் எடை, 30.5 மி.மீ. விட்டம், 91.7 சதவீதம் வெள்ளி. அதாவது சுத்த வெள்ளி சுமார் 10.69 கிராம். அன்றைய கிராம் விலையால் பெருக்கினால் அடிமதிப்பு தெரிந்துவிடும். 1917, 1918 போன்ற ஆண்டுகள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. அடிமதிப்புக்கு மேல் மிகவும் அதிகம் கேட்டால் நகர்ந்துவிடுங்கள். 1911, 1939 ஆண்டுகளில் போலிகள் நிறைய. தராசில் 11 கிராமுக்கும் கீழே காட்டினால் வாங்க வேண்டாம்.

வைஷ்ணவி தேவி காசு லட்சத்துக்குப் போகாது, அது சாதாரணமாகப் புழங்கும் நாணயம். முன்பணம், கமிஷன், வரி என்று கேட்டு ஏமாற்றும் கும்பல்கள் ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்துகின்றன. பழைய காசு வாங்கும் வேலை தங்களுக்கு இல்லை, யாருக்கும் அப்படி அனுமதி தரவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்துவிட்டது. வாங்க முன்வருபவர் உங்களிடம் பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

சோழர் காசு இந்த வருடம் வேண்டாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள பழங்காசுகளை இரண்டு மூன்று முறை நின்று பாருங்கள். அசல் காசு அச்சில் அடித்தது. போலி பெரும்பாலும் உலோகத்தை உருக்கி வார்ப்பில் ஊற்றியது. வார்த்ததில் விளிம்பைச் சுற்றி மெல்லிய இணைப்புக் கோடு இருக்கும், பரப்பில் ஊசிமுனைக் குமிழிகள் தெரியும், எழுத்தின் ஓரங்கள் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருக்கும். நிலத்தில் கிடைத்தது என்று சொல்லி விற்பவரிடம் வாங்கினால் சட்டச் சிக்கலும் சேரும். 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி அப்படிக் கிடைத்ததை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பிறகு வாங்கப் போகும்போது ஒரே வகையில் இரண்டு காசுகளை ஒன்றாகக் காட்டச் சொல்லுங்கள். இரண்டிலும் அதே இடத்தில் அதே தேய்மானமும் அதே கீறலும் இருந்தால், இரண்டும் ஒரே வார்ப்பில் வந்தவை. அந்த வியாபாரியிடம் வெள்ளி ரூபாயும் வாங்காதீர்கள்.