முட்டம் கடலில் வார இறுதிப் பாய்மரப் பயணம்: கேள்வி பதில்

சென்னையில் வேலை பார்த்த காலத்தில் ஒரு பாய்மரப் படகுக் கழகத்தில் பல ஆண்டுகள் உறுப்பினராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். பழைய கழக நண்பர்கள் மூவரும் நானுமாக இரண்டு சிறு படகுகளை வைத்துக்கொண்டு மணக்குடிக் காயலிலும் முட்டம், குளச்சல் கடலிலும் சனி, ஞாயிறுகளில் ஓட்டி வருகிறோம். இது பற்றிக் கேட்டவர்களுக்கான பதில்கள் கீழே.

நாகர்கோவில் ஆசிரியர் ஒருவர்: அண்ணாச்சி, நம் மாவட்டக் கடலில் எந்த மாதங்களில் பாய் விரிக்கலாம்?

டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச் முடிய. அந்த நாள்களில் முட்டத்துக்கு மேற்கே விடியற்காலையில் கரைக்காற்று மெல்ல வீசும். பத்து, பதினொரு மணி அளவில் அது ஓய்ந்து, சிறிது நேரம் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்து, பிறகு கடற்காற்று எழும். காலையில் கரைக்காற்றில் வெளியே போய்ப் பிற்பகல் கடற்காற்றில் திரும்புவது எந்திரம் இல்லாத காலத்தில் கட்டுமரக்காரர்கள் கைக்கொண்ட கணக்கு. நாங்களும் அதையே பின்பற்றுகிறோம். ஆனால் கன்னியாகுமரிக்குக் கிழக்கே, சின்னமுட்டம் பக்கம், அதே மாதங்களில் வாடைக்காற்று பலமாக இருக்கும் என்பதால், ஒரே நாளில் ஒரே மாவட்டத்தில் இரண்டு வேறு கடல்களைப் பார்க்க நேரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேலைக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுழற்றும் வேகத்தை நினைத்துப் பார்த்தாலே போதும், பொழுதுபோக்குப் படகுக்கு அது காலமன்று என்பது விளங்கிவிடும். எங்கள் படகுகள் அப்போது ஓலைக் கொட்டகையில் கவிழ்ந்து கிடக்கும்.

ஏப்ரல், மே மாதங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். காற்றே இல்லாத தெளிந்த நாளில், தெற்கே வெகு தொலைவில் இந்தியப் பெருங்கடலில் எழுந்த புயலின் அலைகள் வந்து கரையில் ஏறுவதைத்தான் கள்ளக்கடல் என்கிறோம். 2024 மே மாதம் அத்தகைய ஒரு நாளில்தான் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் அலை எச்சரிக்கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து ஓர் இளைஞர்: எனக்கு நீச்சல் தெரியும், படகு ஓட்டத் தெரியாது. எங்கே தொடங்குவது?

கடலில் அன்று, காயலில். பழையாறு கடலோடு சேரும் மணக்குடியில், பாலத்துக்கு வடக்கே உள்ள நீர்ப்பரப்பு தொடக்கநிலைக்குப் போதும். பாலத்துக்கு அடியில் பாய்மரத்தோடு போக முடியாது என்பதே ஒரு நல்ல வேலிதான். ஆறு கடலில் கலக்கும் வாயான பொழிமுகம் திறந்திருக்கும் நாள்களில் அந்தப் பக்கம் போனால் ஆற்றின் இழுப்பு உங்களைக் கேட்காமலே கடலுக்குக் கொண்டுபோய்விடும்.

முதலில் படகைக் கவிழ்த்து நிமிர்த்தப் பழகுங்கள். எங்கள் நண்பர் ஒருவர், கழகத்தில் பந்தயம் ஓட்டியவர், முதல் வாரத்திலேயே காயலில் கவிழ்ந்தார். சென்னைத் துறைமுகத்தின் ஆழமான நீரில் பழகிய எங்களுக்கு, ஆழமற்ற இடத்தில் பாய்மரத்தின் உச்சி சேற்றில் குத்திக்கொள்ளும் என்பது தோன்றவே இல்லை. படகின் அடியில் நீருக்குள் நீண்டிருக்கும் நடுப்பலகையின் மேல் ஏறி நின்று எவ்வளவு பின்னால் சாய்ந்தாலும் படகு நிமிரவில்லை. பக்கத்தில் வலை வைத்துக்கொண்டிருந்த பெரியவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, “மூக்கக் காத்துக்கு நேரே திருப்புங்க சாரே, பெறவு தூக்குங்க” என்றார். திருப்பினோம், சேறு விட்டது, பாயில் காற்றுப் பிடிக்காததால் மறுபக்கம் கவிழாமலும் நின்றது. அன்று முதல் பழகுகிறவர்களின் பாய்மர உச்சியில், இறுக மூடிய ஐந்து லிட்டர் வெற்றுக் கேன் ஒன்றைக் கட்டிவிடுகிறோம். பார்க்க அழகாக இல்லை. ஆனால் மரம் சேற்றுக்குள் போவதில்லை.

குளச்சல் வாசகர்: காயலில் ஓட்டிவிட்டேன். கடலுக்கு வரும்போது எதற்கு அஞ்ச வேண்டும்?

நடுக்கடலுக்கு அன்று, கரைக்கு. நம் கடற்கரையில் பொழுதுபோக்குப் படகுகளுக்கென்று கட்டிய துறை கிடையாது. கொச்சி போல்காட்டியில் இருப்பதைப் போன்ற மரினா என்னும் படகுத்துறை நமக்கு வாய்க்கவில்லை. ஒன்று, மீன்பிடித் துறைமுகத்துக்குள் அனுமதி பெற்று நுழைய வேண்டும். அல்லது அலை உடையும் இடத்தைத் தாண்டி மணலில் ஏற வேண்டும். இரண்டாவதைச் செய்கிறவர்கள் கீழ்க்கண்டதைக் கவனமாகப் படியுங்கள்.

அலை உடையும் கோட்டுக்கு வெளியே நின்று ஐந்து நிமிடமாவது பாருங்கள். அலைகள் கூட்டமாக வரும். பெரிய அலைகள் சில அடுத்தடுத்து உடைந்த பிறகு ஓர் இடைவெளி விழும். பாயை வெளியிலேயே இறக்கிக் கட்டிவிட்டு, நடுப்பலகையையும் சுக்கானையும் தூக்கிக்கொண்டு, அந்த இடைவெளியில் ஓர் அலையின் முதுகுக்குப் பின்னால் துடுப்புப் போட்டு வர வேண்டும். அலைக்கு முன்னால் வந்தால் அது படகைக் குறுக்காகத் திருப்பி உருட்டிவிடும். சந்தேகமாக இருந்தால் வேறொரு வழி உண்டு. கோட்டுக்கு வெளியே நங்கூரத்தைப் போட்டு, படகின் மூக்கைக் கடல் பக்கமே வைத்து, கயிற்றைச் சிறிது சிறிதாக விட்டுப் பின்புறமாகவே கரை சேரலாம். நேரம் பிடிக்கும், கரையில் நிற்பவர்கள் சிரிக்கவும் கூடும்.

தரை தட்டியதும் படகுக்கும் கரைக்கும் நடுவில் குதிக்காதீர்கள். நீர் நிறைந்த சிறு படகு கூட அரை டன் எடையோடு அடுத்த அலையில் உங்கள் கால்மேல் வரும். என் இடது முழங்காலுக்குக் கீழே உள்ள தழும்பு அப்படி வந்தது. காலைக் கொடுத்துக் கற்றதால் உறுதியாகச் சொல்கிறேன், எப்போதும் கடல் பக்கமாக இறங்குங்கள்.

இனயம் வாசகர்: மீன்பிடி வள்ளங்களும் பாய்மரப் படகும் எதிரெதிரே வந்தால் யார் விலக வேண்டும்? எந்திரப் படகுதான் விலக வேண்டும் என்று படித்தேன்.

பாதிதான் படித்திருக்கிறீர்கள். 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு மோதல் தடுப்பு விதிகளின்படி எந்திரத்தில் ஓடும் படகு பாய்மரப் படகுக்கு வழிவிட வேண்டும் என்பது உண்மை. ஆனால் வலையோ தூண்டில் கயிறோ போட்டு, அதனால் திரும்ப முடியாத நிலையில் மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்குப் பாய்மரப் படகுதான் வழிவிட வேண்டும். விதி இல்லாவிட்டாலும் அதுவே முறை; அவர்களுக்கு அது பிழைப்பு, நமக்கு விடுமுறை. வலையின் மிதவைகளைக் கண்டால் அவற்றின் மேல் ஓட்டாமல் சுற்றிப் போங்கள், உங்கள் நடுப்பலகை ஒரு கண்ணியை அறுத்தாலும் அது ஒருவருடைய ஒரு நாள் கூலி.

இரண்டு பாய்மரப் படகுகள் சந்தித்தால், இடப்பக்கம் காற்று வாங்கி ஓடுவது வலப்பக்கம் காற்று வாங்குவதற்கு வழிவிடும்; இருவருக்கும் ஒரே பக்கம் காற்று என்றால், காற்று வரும் திசையில் இருப்பவர் விலகுவார்.

தக்கலையிலிருந்து ஒருவர்: நண்பர்களோடு இரண்டு நாள் பயணமாகப் போக முடியுமா?

முடியும். முட்டத்திலிருந்து குளச்சல் ஏறத்தாழ 5 கடல் மைல். அங்கிருந்து தேங்காய்ப்பட்டணம் இன்னும் 6. 4 நாட், அதாவது மணிக்கு 4 கடல் மைல், வேகம் கிடைத்தால் மூன்று மணி நேரத்துக்குள் முடிகிற தொலைவு. காற்று எதிராக இருந்தால் நேர்கோட்டில் போக இயலாமல், 45 பாகை அளவுக்கு இப்படியும் அப்படியும் சாய்ந்து ஏற வேண்டியிருப்பதால், அதை ஐந்து மணி நேரமாகவே கணக்கிடுங்கள். நாங்கள் குளச்சலோடு நிறுத்திக்கொள்கிறோம். தேங்காய்ப்பட்டணத் துறைமுக முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து, கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் வள்ளங்கள் கூடக் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. வார இறுதிக்காரர்கள் அங்கே நுழைந்து பார்க்க வேண்டியதில்லை. அதற்கும் மேற்கே விழிஞ்ஞத்தில் இப்போது பெரும் சரக்குக் கப்பல்கள் வந்து போகின்றன.

புறப்படும் முன் கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்தில் ஆள்களின் பெயர்களையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண் எல்லோருடைய கைப்பேசியிலும் இருக்க வேண்டும். ஆனால் கைப்பேசி அலைவரிசை கரையை விட்டு விலகினால் போய்விடும் என்பதால் நீர்புகாத விஎச்எஃப் வானொலிக் கருவி ஒன்றும் வேண்டும், அவசர அழைப்புக்கு 16ஆம் அலைவரிசை. எச்சரிக்கை வந்தால் பயணத்தை ரத்து செய்வதில் எங்களுக்குள் வாக்கெடுப்பு கிடையாது, ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலில் சொந்தக்காரர்களை இழந்த ஊர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு இதை விவாதிப்பது எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

கருங்கல் வாசகி: என் மகளுக்குப் பத்து வயது. அவள் கற்கலாமா?

தாராளமாக. ஆப்டிமிஸ்ட் என்ற 2.3 மீட்டர் நீளப் படகு 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காகவே உள்ளது. ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான நேத்ரா குமணன் சென்னைக்காரர் என்பதை மகளிடம் சொல்லுங்கள். உயிர்காப்பு அங்கி அவளுடைய எடைக்கு ஏற்றதாக இருக்கட்டும். பெரியவர்களுடையதை இறுக்கிக் கட்டினால், தண்ணீரில் விழுந்ததும் அது தலைக்கு மேலே ஏறிவிடும்.

பூதப்பாண்டி வாசகர்: ஏவிஎம் கால்வாயில் ஓட்ட முடியாதா?

1860இல் திருவிதாங்கூர் அரசு வெட்டத் தொடங்கிய அந்த அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் இன்று பல இடங்களில் தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடக்கிறது. அது உயிரோடு இருந்திருந்தால், கரையேறுவதைப் பற்றி நான் இவ்வளவு எழுதியிருக்க வேண்டியதில்லை.

சுசீந்திரம் வாசகர்: படகில் ஏறியதுமே தலை சுற்றுகிறது, என்ன செய்வது?

வெறும் வயிற்றோடு வராதீர்கள், வயிறு முட்டவும் தின்னாதீர்கள். படகின் நடுவில் உட்கார்ந்து, தொடுவானத்தையோ மருந்துவாழ்மலையையோ பாருங்கள், கைப்பேசியைப் பார்க்காதீர்கள். சுக்கானைக் கையில் கொடுத்துவிட்டால் பாதிப் பேருக்கு மயக்கம் தானே தெளிந்துவிடுகிறது. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் கரைக்கு வந்த பிறகு.

கன்னியாகுமரி விடுதிப் பணியாளர் ஒருவர்: காற்று முழுவதும் நின்றுவிட்டால் எப்படித் திரும்புவீர்கள்?

துடுப்புப் போட்டு. அதுவும் முடியாதபோது, கரை திரும்பும் ஃபைபர் வள்ளக்காரர் யாராவது கயிறு கொடுப்பார். கயிற்றைப் பாய்மரத்தின் அடியில் கட்டி, மூக்கு வழியாகக் கொண்டுபோக வேண்டும். முன்முனையில் இருக்கும் சிறு கொக்கியில் கட்டினால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இழுத்து வந்தவர் பணம் வேண்டாம் என்பார். நாங்கள் அடுத்த வாரம் ஒரு கேன் மண்ணெண்ணெயோடு போய் அவர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வருவோம்.