வடகோடிக் குடியிருப்புகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆர்க்டிக் பனி உருகுவதைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரு சந்தேகம். கனடாவின் வடகோடியில் நூற்றைம்பது பேர்கூட இல்லாத ஊருக்கெல்லாம் அரசு பெரும் பணம் செலவழிக்கிறது. ஆள் குடியிருந்தால்தான் நிலம் நம்முடையது என்று உலகம் ஒப்புக்கொள்ளும், அதற்காகத்தான் இந்த வீண்செலவு என்கிறார் என் நண்பர். உண்மையா?

கே.ஆர்., திருச்சி

அன்புள்ள கே.ஆர்.,

நண்பர் சொல்வதில் பாதிதான் சரி.

நிலத்தைப் பொறுத்தவரை ஆள் குடியிருந்தே ஆகவேண்டும் என்றில்லை. கிழக்கு கிரீன்லாந்தின் ஒரு பகுதியை 1931இல் நார்வே தன்னுடையது என்று அறிவித்தது. டென்மார்க் ஹேக் நீதிமன்றத்துக்குப் போனது. 1933இல் தீர்ப்பு டென்மார்க்குக்குச் சாதகமாக வந்தது. மனிதர் வாழ அரிதான இடங்களில், எதிர்த்தரப்புக்கு அதைவிட வலுவான உரிமை இல்லாதபோது, சட்டம் போடுவது, அனுமதி கொடுப்பது போன்ற சிறு நிர்வாகச் செயல்களே போதும் என்பது அதன் சாரம். நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்டு தீவுகளில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். சோவியத் காலத்தில் அங்கே நார்வேக்காரர்களைவிட ரஷ்யச் சுரங்கத் தொழிலாளர்கள் அதிகம். ஆனாலும் 1920 ஒப்பந்தப்படி தீவுகள் நார்வேயுடையவைதான்.

கனடாவும் தன் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் 1922இலேயே போலீஸ் காவல்நிலையம் வைத்துவிட்டது. அதற்கு மேற்கே உள்ள தீவுகளில் கனடாவின் உரிமையை 1930இல் நார்வே ஏற்றுக்கொண்டது. அப்புறமும் 1953இல், வடக்கு கியூபெக்கின் இனுக்ஜுவாக் ஊரிலிருந்து, ஆர்க்டிக் பழங்குடிகளான இனூயிட் குடும்பங்களைக் கப்பலேற்றி, ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோனார்கள். அங்கே நல்ல வேட்டை கிடைக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு வருடத்தில் திரும்பலாம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். பாதிப் பேர் வேறொரு தீவிலுள்ள ரெசொல்யூட்டில் இறங்கவேண்டும், மற்றவர்கள் எல்ஸ்மியருக்குப் போகவேண்டும் என்பது கப்பலில்தான் தெரிந்தது. பெண்கள் அழுதார்கள், அதைக் கேட்டு நாய்களும் ஊளையிட்டன என்று, அப்போது சிறுவனாக இருந்த ஜான் அமகோவாலிக் பின்னாளில் சாட்சியம் சொன்னார். முதல் குளிர்காலத்தைக் கூடாரத்தில் கழித்தார்கள். சொந்த ஊரில் அவர்கள் அறிந்திராத பல மாத இருட்டு. கஸ்தூரி எருதைக் கொல்லச் சட்டத்தில் தடை. ரெசொல்யூட்டில் விமானத்தளக் குப்பைமேட்டிலிருந்து பொறுக்கிய மரத்தில் வீடு கட்டினார்கள். திரும்ப அழைத்துப்போகும் வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை.

இறையாண்மை இதற்கு ஒரு காரணம் என்று 1994இல் கனடாவின் அரச விசாரணை ஆணையம் சொன்னது. அரசு மன்னிப்புக் கேட்டது 2010இல்தான். ‘மனிதக் கொடிக்கம்பங்கள்’ என்று அவர்களைச் சொல்வதுண்டு. மிகையில்லை என்பேன்.

ஆனால் கடலின் கதை வேறு. கனடாவின் ஆர்க்டிக் தீவுகளுக்கு இடையே போகும் வடமேற்குக் கடல்வழி, எந்த நாட்டுக் கப்பலும் போகக்கூடிய சர்வதேச நீரிணை என்கிறது அமெரிக்கா, எங்கள் அனுமதி வேண்டிய உள்நாட்டு நீர் என்கிறது கனடா. 1985இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் போலார் சீ கப்பல் கனடாவிடம் அனுமதி கேட்காமல் அவ்வழியே போனது. அதே ஆண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சர் ஜோ கிளார்க் நாடாளுமன்றத்தில் முன்வைத்த வாதங்களில் ஒன்று, இனூயிட்டுகள் நினைவுக்கெட்டாத காலம் முதல் அந்தப் பனிக்கடலில் நிலத்தில் வாழ்வதுபோலவே வாழ்ந்துவருகிறார்கள் என்பது. இதையே இனூயிட்டுகளுக்கும் கனடா அரசுக்கும் இடையிலான 1993 நுனாவுட் ஒப்பந்தமும் எழுத்தில் வைத்திருக்கிறது. இந்த வாதத்துக்கு வலு தருவது பனியின்மேல் ஸ்லெட்ஜ் ஓட்டி சீல் வேட்டையாடிய தலைமுறைகள். 1953இல் கொண்டுபோய் இறக்கிய ஊர்களால் அது தொடங்கவில்லை.

ஆகவே வீண்செலவு என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்கமுடியவில்லை. அந்த 1953 குடியேற்றத்தில் உருவான எல்ஸ்மியரின் கிரீஸ் ஃபியோர்ட் ஊரில் 2021 கணக்கெடுப்பில் இருந்தவர்கள் 144 பேர். சாலை கிடையாது. கோடையில் சரக்குக் கப்பல், மற்றபடி சிறு விமானம். அங்கே வீடும் பள்ளியும் செவிலியரும் கொடுப்பது, அவர்கள் பெயரைச் சொல்லிக் கடலுக்கு உரிமை கோரும் அரசு பட்டிருக்கும் கடன். இன்னும் முழுதாகத் தீராத கடன்.

அன்புடன்