குமிழி பார்த்த பெண்ணுக்கு எந்தப் படிப்பு?

சார், உங்கள் பெண்ணின் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேனேஜ்மென்ட் சீட்டுக்காகத் தோட்டத்தை அடகு வைக்கப் போவதாகச் சொன்னீர்கள். அன்று "யோசிப்போம்" என்று மழுப்பிவிட்டேன், தப்பு என்னுடையது. வேண்டாம், வைக்காதீர்கள். அவள் மாமா சொல்கிறார் என்றால், வட்டி கட்டப்போவது மாமா இல்லையே.

நீங்கள் வெளியே போய் மாமாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது அவள் என்னிடம் கேட்டாள், "சார், தண்ணி கொதிக்கும்போது குமிழி ஏன் அதே இடத்துல இருந்தே வருது?" புது எவர்சில்வர் சட்டியில் தாமதமாக வருகிறதாம், அடி கீறிப்போன பழைய சட்டியில் சீக்கிரமாம். இதைத்தான் சார் சிலர் வாழ்நாள் முழுக்க ஆராய்கிறார்கள்.

கீறலிலும் குழியிலும் சிக்கிய காற்றும் ஆவியும்தான் குமிழிக்கு விதை. வழவழப்பான உலோகத்தில் விதை குறைவு, அதனால் அது இன்னும் சூடேற வேண்டியிருக்கும். அப்போ நாமே துளைகளை உண்டாக்கினால்? தலைமுடி கனத்தில் உள்ள செம்புத் தூளைச் செம்புத் தகட்டில் பரப்பி, செம்பு உருகும் 1085 டிகிரிக்குக் கீழேயே, ஹைட்ரஜன் உள்ள உலையில் வைத்தால், மணிகள் உருகாமல் தொட்ட இடங்களில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். சின்டரிங் என்பார்கள், பாகு ஊற்றாத பொரி உருண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுக்குகளில் குமிழி பிறக்கும், பக்கத்து இடுக்குகள் விளக்குத்திரி எண்ணெய் இழுப்பதுபோல் தண்ணீரை இழுத்து வந்து வறண்டுவிடாமல் காக்கும். இது இல்லாவிட்டால் ஒரு அளவுக்கு மேல் சூடு ஏற்றினால், சாதாரணப் பரப்பில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 வாட், குமிழிகள் ஒன்றாகி ஆவிப் போர்வை போர்த்தி உலோகமே கருகிவிடும். ஜப்பானில் நுகியாமா என்ற ஆய்வாளர் 1934இலேயே மெல்லிய கம்பியைத் தண்ணீரில் சூடாக்கி இந்தக் கொதிப்பின் போக்கை அளந்து காட்டினார். துளைப்பூச்சு அந்த எல்லையை இரண்டு மூன்று மடங்கு தள்ளிய சோதனைகள் உண்டு. பல லேப்டாப்களில் சூட்டைக் கடத்தும் வெப்பக்குழாய்க்குள் இருப்பதும் இதே செம்புத் தூள்தான். ஆனால் பூச்சு தடித்தால் ஆவி வெளியேறாது, அழுக்குப் படிந்தால் துளை அடைபடும். அதனால்தான் இன்னும் ஆள் தேவைப்படுகிறது.

இதற்கு வழி மெட்டலர்ஜி, அதாவது உலோகவியல் படிப்பு. சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் இருக்கிறது, கோவை பி.எஸ்.ஜி.யில் இருக்கிறது, கவுன்சலிங்கிலேயே எடுக்கலாம். அப்புறம் கேட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். போனால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, பிஎச்.டி.க்கு ஆரம்பத்திலேயே 37,000. தூள் உலோகவியலுக்கென்றே ஹைதராபாத்தில் ஏ.ஆர்.சி.ஐ. என்ற மத்திய அரசு ஆய்வு மையம் இருக்கிறது. படிப்பு முடித்த அன்றே ஐ.டி. சம்பளம் கிடைக்குமா என்றால், நான் உறுதி தரமாட்டேன். ஆனால் தோட்டம் உங்களிடமே இருக்கும்.

ஒரு வேளை அவளுக்கே இது பிடிக்கவில்லை என்றால், என் யோசனையையும் தூக்கிப் போடுங்கள். சாய்ஸ் லிஸ்ட் போடுமுன் ஒருநாள் அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், மதிப்பெண் பட்டியலும் வேண்டும். மாமா வர வேண்டாம்.